ஏழாம் நம்பர் உறையில் ஒரு பொட்டு

அத்தியாயம் 6

கோல்ஃப் பையை மேஜைமேல் படுக்கவைத்து ஜிப்பைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஆயுத பூஜை வாசனை வந்தது. சந்தனம், குங்குமம், கொஞ்சம் ஊதுபத்தி.

"இன்னாக்கா இது, கோல்ஃப் பையா, கோயில் கருவறையா?" என்றான் ஸ்டான்லி.

ஸ்டான்லி என் உதவியாளன். பைக் ஓட்டுவான், பூட்டிய கேட்டுக்குள் எட்டிப் பார்ப்பான், கேட்காதபோதும் பேசுவான். நான் துர்காதேவி. செங்கல்பட்டில் துப்பறியும் நிலையம் நடத்துகிறேன். நிலையம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். இதுவரை வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொந்த வீடா என்கிற வகை. ஒரு பொருள் காணாமல் போன வழக்கு இதுதான் முதல். இந்த டிராவல்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் சிநேகா, ஸ்டான்லியோடு சர்ச்சில் பாடுகிற பெண் என்பதால் என்னிடம் வந்தது. வேறு நல்ல துப்பறிகிறவர் யாராவது இருந்தால் சொல்லி அனுப்பலாமா என்று நான் காலையில் உண்மையாகவே யோசித்தேன்.

"எல்லா மட்டைக்கும் நான்தாம்மா பொட்டு வெச்சேன்," என்றார் ஹரிஹரன். இந்த டிராவல்ஸ் ஆபீஸின் முதலாளி. "ஆபீஸ்ல இருக்கிற அத்தனைக்கும் வெக்கும்போது இதை மட்டும் எப்படி விடறது?"

விடவில்லைதான். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், ஏ.சி. ரிமோட் எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவுக்கும் ஒன்று.

சிநேகா மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். இங்கே அவள் வேலை நிரந்தரமாகும் நேரம் இது. தனியாகத் திட்டமிட்ட முதல் பெரிய டூர் இது. சிறுசேரி மென்பொருள் கம்பெனி ஒன்றின் அதிகாரிகளை மாமல்லபுரத்துக்குத் தெற்கே கழிமுகத்தில் இருக்கும் சங்குத்திட்டு என்ற தீவு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய் கோல்ஃப் ஆடவைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆட்கள் நாளைக் காலை படகில் போவார்கள். அந்தப் படகில் சாமான் ஏற்ற இடமில்லை, அதனால் மட்டைகள் இன்று மாலையே சாமான் படகில் போயாக வேண்டும்.

"இப்ப டூரே போகாது," என்றார் ஹரிஹரன். "சுப்பிரமணி சார் இன்னிக்குக் காலையில இங்க வந்தாரு. பையைத் தொறந்தாரு. ஏழாம் நம்பர் உறையைத் தூக்கினா உள்ள ஒண்ணுமில்ல. அவர் ஒரே அடியில குழியில போட்ட மட்டை அது. அது இல்லாம தீவுல கால் வெக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. சாயங்காலப் படகுக்குள்ள வரலேன்னா கேன்சல்."

சுப்பிரமணி அந்தக் கம்பெனியின் தலைவர். அவர் போகவில்லை என்றால் யாரும் போகமாட்டார்கள்.

"மட்டை போனா சிநேகாதான் எடுத்தான்னு அர்த்தமா சார்?" என்று கேட்டான் ஸ்டான்லி.

"பை இவ மேஜைக்கு அடியிலதானே இருந்தது? ஆபீஸ் சாவி இவகிட்டதானே?"

"அதை உள்ள வெச்சுச் சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் சிநேகா. அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "வாசல்ல நின்னு கத்தினீங்க. டீக்கடைல கேட்டுச்சு, ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டுச்சு. ஜெராக்ஸ் கடை சகுந்தலாக்கா தினமும் என்கூட சாப்பிடறவங்க, இன்னிக்கு என்னைப் பாத்துட்டு டப்பாவை எடுத்துகினு உள்ள போயிட்டாங்க. வேலை போனா வேற வேலை தேடுவேன் சார். இந்தத் தெரு வழியாத்தான் நான் ஸ்டேஷனுக்குப் போவணும்."

ஹரிஹரன் ஏ.சி. ரிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

நான் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு வேறு வழி தெரியாது. ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை போவேன். ஒவ்வொரு மட்டையின் தலையிலும் ரப்பர் துணியில் தைத்த உறை, அதன்மேல் நம்பர், நம்பருக்குக் கீழே சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஐந்தில் வட்டமான பொட்டு. ஆறில் வட்டமான பொட்டு. பையின் வாயில் செருகியிருந்த ஏழின் உறை காலியாகத் தொங்கியது. அதிலும் பொட்டு இருந்தது. ஆனால் அது ஒரு மாதிரியாக இருந்தது.

காலி உறைக்குள் என் கை முஷ்டியை நுழைத்து விரித்தேன். பொட்டு இரண்டாகப் பிளந்தது. இடது பக்கம் அரைப் பொட்டு, வலது பக்கம் அரைப் பொட்டு, நடுவில் விரல் அகலத்துக்குச் சுத்தமான துணி.

"பொட்டு டைவர்ஸ் வாங்கிட்டுது," என்றான் ஸ்டான்லி.

"உறைக்குள்ள மட்டை இருந்திருந்தா பொட்டு முழுசா விழுந்திருக்கும்," என்றேன். "இது மடிஞ்சு கிடந்தப்போ வெச்ச பொட்டு. மடிப்புக்குள்ள போன துணியில குங்குமம் படல. அதாவது ஹரிஹரன் சார் புதன்கிழமை ஆயுத பூஜை போடும்போதே உறை காலி."

ஒருகணம் பெருமையாக இருந்தது. ஒருகணம்தான்.

"பை இங்க வந்தது திங்கட்கிழமை. அப்படின்னா திங்கள், செவ்வாயில போயிருக்குது," என்று எழுந்தேவிட்டார் ஹரிஹரன். "அந்த ரெண்டு நாளும் நான் குரூப்பைக் கூட்டிகினு காஞ்சிபுரத்துல இருந்தேன். ஆபீஸ்ல இவ மட்டும்தான்!"

ஸ்டான்லி என் காதருகே குனிந்தான். "சூப்பர்க்கா. நம்ம கட்சிக்காரப் பொண்ணை நாமளே புடிச்சுக் குடுத்துட்டோம்."

துப்பறியக் கற்றுக்கொள்ள நான் போகும் மாலை வகுப்பில், ஒரு முடிவுக்கு வந்தால் அதற்கு எதிரான கேள்வியை நீயே கேட்டுக்கொள் என்று சொல்லித்தருவார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"சிநேகா, திங்கட்கிழமை பை வந்தப்போ ஏழாம் நம்பர் மட்டையைக் கண்ணால பாத்தியா?"

"இல்ல மேடம். உறைங்க எல்லாம் சரியா இருக்குதான்னு எண்ணிப் பாத்தேன். ஒவ்வொண்ணையும் கழட்டிப் பாக்கல. பெரிய மனுஷங்க மூடிவெச்ச சாமானைத் தொறந்து பாத்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப அது இங்க வரும்போதே காலியா இருந்திருக்கலாம்."

"சுப்பிரமணி சார் தன் கையால போட்டு ஜிப் மூடினேன்னு சொல்றாரே!" என்றார் ஹரிஹரன்.

"பையை இங்க கொண்டுவந்தது யாரு?"

"அவரோட டிரைவர். கலையரசன்னு ஒருத்தன்."

கையில் இருந்த நூல் அது ஒன்றுதான். டிரைவர் இப்போது எங்கே என்று கேட்டேன். மட்டை படகுக்கு வருகிறதா என்று பார்க்கப் போன சுப்பிரமணியோடு மாமல்லபுரம் படகுத்துறையில் என்றார்கள். சிநேகா பையோடு ஆபீஸ் வேனில் வரட்டும் என்று சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம். படியிறங்கும்போது மனதில் வந்த இன்னொரு கேள்வியையும் சிநேகாவிடம் கேட்டேன்.

"டூர் திட்டத்தை சுப்பிரமணி சாருக்கு அனுப்பினப்போ அவர் ஏதாவது சொன்னாரா?"

"நல்லாருக்குதுன்னாரு. அவருக்குப் பிடிக்கணும்னு முதல் நிகழ்ச்சியா அவரையே வெச்சேன் மேடம். தீவுல இறங்கி நாஸ்தா முடிச்சதும், அந்த ஏழாம் நம்பர் மட்டையால அவர் எல்லாருக்கும் அடிச்சுக் காட்டணும். பக்கத்துல ரிசார்ட்டோட கோல்ஃப் டீச்சர் ஜெனிட்டா மேடம் நின்னு விளக்கம் சொல்லுவாங்க. யார் அந்த ஜெனிட்டா, முன்னாடி எங்க வேலை பாத்தாங்கன்னு போன் பண்ணிக் கேட்டாரு. கோயம்புத்தூர்ல ஒரு மைதானத்துலன்னு சொன்னேன். சரின்னு வெச்சிட்டாரு."

அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் டிரைவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பைக்கின் சைலன்சர் ஆட ஆரம்பித்தது.

"டிரைவர்தான்க்கா," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான் ஸ்டான்லி. "வழியில வண்டிய நிறுத்தி ஒண்ணை உருவிட்டான்."

"உருவி என்ன பண்ணுவான்? ஒத்தை மட்டைய யாரு வாங்குவா?"

"மாங்கா அடிக்கலாம். நாய் விரட்டலாம். எங்க வூட்ல ஒண்ணு இருந்தா எங்கம்மா தென்னை மட்டை இழுக்கும்."

"பேசாம ரோட்டைப் பாரு."

"ரோட்டைத்தான் பாத்துகினு கீறேன். சைலன்சர் கழண்டு அதுமேல விழப்போவுது பாருங்க."

படகுத்துறையில் கருவாடும் டீசலும் சேர்ந்து மணத்தன. தண்ணீருக்கு அப்பால் சங்குத்திட்டு பச்சைக் கோடாகத் தெரிந்தது. சாமான் படகில் ஐஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூரைக் கொட்டகைக்குக் கீழே வெள்ளைத் தொப்பியும் கோடுபோட்ட பனியனுமாக ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுப்பிரமணி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மட்டை போன சோகம் முகத்தில் இருந்தது என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். உண்மையில் அவர் இளநீர் வழுக்கையை ரசித்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய கார் வேலிக்காத்தான் நிழலில் நின்றது. அதன் முகப்பில் வாடிய மாலை. நான்கு சக்கரத்திலும் பொட்டு. வைப்பரில் பொட்டு, கண்ணாடியில் பொட்டு, பெட்ரோல் மூடியில் பொட்டு. கதவைத் திறந்துபோட்டு ஒருவர் போனில் பூசணிக்காய் உடைப்பதுபோல யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் கலையரசன்.

போன் முடிந்ததும் ஸ்டான்லி முந்திக்கொண்டான். "அண்ணாத்த, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் கீதா? நம்ம வண்டி சைலன்சர் ஊரைக் கூட்டுது."

கலையரசன் முறைத்துவிட்டு டிக்கியைத் திறந்தார். டூல்ஸ் பையை விரித்தார். ஒவ்வொரு ஸ்பேனரிலும் சந்தனம், குங்குமம். ஜாக்கியில் பட்டையாகச் சந்தனம். காற்றடிக்கும் பம்புக்கு மாலையே போட்டிருந்தது.

"இன்னா அண்ணாத்த, ஸ்பேனருக்குக் கல்யாணமா?"

"சிரிக்காத தம்பி. வண்டில இருக்கிற இரும்புக்கு வருஷத்துக்கு ஒருநாள் மரியாதை பண்ணணும். பண்ணலேன்னா நடுரோட்ல காலை வாரிடும்."

எனக்கு ஒரு கேள்வி வந்தது. திருடியவனைப் பிடிக்கும் கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் அசட்டுத்தனமாக இருக்குமோ என்றுகூட தயங்கினேன். கேட்டுவிட்டேன்.

"எல்லா இரும்புக்கும் வெச்சீங்களாண்ணா? ஒண்ணுகூட விடலயா?"

கலையரசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? புதன்கிழமை காலைல கோவளத்துல சார் வூட்டு வாசல்ல, வண்டிய நிறுத்தி, விளக்கேத்தி, ஒண்ணு விடாம வெச்சேன். ஸ்டெப்னிக்குக் கீழ துணி சுத்திகினு ஒரு கம்பி கெடந்துச்சு. அதைக்கூடப் பிரிச்சு, பொட்டு வெச்சு, திருப்பிச் சுத்தி வெச்சேன். போதுமா?"

"எந்தக் கம்பி?" என்றோம் நானும் ஸ்டான்லியும் ஒன்றாக.

அவர் ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். பழைய பூத்துவாலை சுற்றிய நீளமான ஒன்றை எடுத்துப் பிரித்தார். பளபளக்கும் தண்டு. முனையில் சரிந்த இரும்புத் தலை. தலையின் முகத்தில் ஓடிய மெல்லிய கோடுகளுக்குள் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் முழு வட்டமாக, பளிச்சென்று குங்குமம். அடியில் ஏழு என்று பொறித்திருந்தது.

ஸ்டான்லி ஹெல்மெட்டைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"அண்ணா, இது இன்னான்னு தெரியுமா?" என்றேன்.

"டயர் கழட்டற ஃபாரின் சாமான்."

"இது உங்க சாரோட கோல்ஃப் மட்டை."

"போம்மா. சாரோட மட்டைங்களை தினம் தூக்கறவன் நான். அதுங்க எல்லாம் தலைல குல்லா போட்டுகினு இருக்கும். இது மொட்டைத் தலையா கீது."

அவர் சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை. உறையில்லாத மட்டையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. முதலாளி ஆடும் நேரமெல்லாம் அவர் காரில் தூங்கியிருக்கிறார். திருடியவராக இருந்தால், ஒளித்துவைத்த பொருளைத் தேடி எடுத்துப் பொட்டு வைத்திருக்கமாட்டார். வைத்திருந்தாலும் எங்களிடம் பெருமை பேசியிருக்கமாட்டார்.

"இந்த டிக்கி சாவி யாருகிட்ட இருக்கும்?"

"ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு சார்கிட்ட."

மட்டையைத் துவாலையோடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அந்த நேரம் ஆபீஸ் வேனும் வந்து நின்றது. சிநேகா கோல்ஃப் பையை அணைத்துப் பிடித்தபடி இறங்கி ஓடிவந்தாள்.

துவாலையைப் பார்த்ததுமே வழுக்கையைச் சுரண்டிய சுப்பிரமணியின் கை பாதியில் நின்றது. ஆனால் சமாளித்துக்கொண்டார். "கெடைச்சிடுச்சா! பாத்தியா, மெரட்டினதும் கொண்டாந்து குடுத்துட்டா அந்தப் பொண்ணு."

"உங்க ஸ்டெப்னிக்குக் கீழ இருந்துச்சு சார்."

"அப்ப அங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்கா."

"இந்தப் பொட்டு புதன்கிழமை காலையில உங்க வீட்டு வாசல்ல கலையரசன் அண்ணன் வெச்சது சார். அப்போ இது உங்க கார்ல இருந்திருக்கு. சிநேகா கோவளத்துக்கு வந்ததே கிடையாது. கார் சாவி உங்க ரெண்டு பேருகிட்டதான். அண்ணனுக்கு இது மட்டைன்னே தெரியாது." மிச்சத்தைச் சொல்லிவிட்டுத் தவறென்றால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று தொடர்ந்தேன். "திங்கட்கிழமை நீங்க பையில வெச்சது வெறும் உறையைத்தான். எண்ணிப் பார்த்தா குறையக்கூடாதுன்னு."

"என் மட்டையை நானே எதுக்கும்மா திருடணும்?"

"ஜெனிட்டா முன்னாடி எங்க வேலை பாத்தாங்கன்னு ஏன் சார் கேட்டீங்க?"

தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. சுப்பிரமணி தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாமல் அவர் ரொம்பச் சாதாரணமான ஆளாகத் தெரிந்தார்.

"கோயம்புத்தூர்ல அன்னிக்குப் பந்து குழிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு," என்றார் மெதுவாக. "யாரும் இல்ல. காலால லேசா ஒரு தட்டு தட்டினேன். உள்ள போயிடுச்சு. திரும்பினா மரத்தடியில ஒரு சின்னப் பொண்ணு, அங்க பயிற்சிக்கு வந்தது. வாயைப் பொத்திகினு சிரிக்குது. அதை ஜெனிட்டான்னு யாரோ கூப்பிட்டாங்க. மறக்குமா அந்தப் பேரு?"

"அப்ப நீங்க ஆடினது ஃபுட்பால் சார்," என்றான் ஸ்டான்லி.

நான் அவன் காலை மிதித்தேன்.

"ஆபீஸ் பூரா அந்த ஒரு அடியைச் சொல்லியே பத்துப் பேரை கோல்ஃபுக்கு இழுத்தவன் நான். எல்லாரும் டூர் டூர்னு குதிக்கறாங்க. நானே வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. மட்டை காணோம்னா முடிஞ்சுது பாரு. ஒரு பொண்ணு வேலை போவும்னு நான் நெனைக்கல."

"நெனைக்காம இருக்கிறது சுலபம் சார்," என்றாள் சிநேகா. "உங்க கதையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முதல் நிகழ்ச்சிய மாத்திடறேன். ஜெனிட்டா மேடம் எல்லாருக்கும் முதல் பாடத்துலேருந்து சொல்லித்தருவாங்க, நீங்களும் வரிசைல நில்லுங்க. அவங்ககிட்ட நீங்களே தனியாப் பேசிக்கோங்க. ஆனா மட்டை எங்க இருந்துச்சுன்னு எங்க முதலாளிக்கு நீங்க சொல்லணும். இப்பவே."

படகுக்காரர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். சிநேகா அவரைக் கையமர்த்திவிட்டு, போனில் ஹரிஹரனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"ஹரிஹரன், நான் சுப்பிரமணி பேசறேன். மட்டை என் கார்லயே இருந்துச்சுப்பா. வெச்சதும் நான்தான். அந்தப் பொண்ணுமேல ஒரு தப்பும் இல்ல. டூர் நடக்கட்டும்."

மறுமுனையில் ஹரிஹரன் தொண்டையைச் செருமினார். "சிநேகா... பையைப் படகுல ஏத்திட்டியாம்மா?"

அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான் என்று புரிந்தது.

"இன்னும் ஏத்தல சார்."

"ஏன்மா? நேரமாவுதே. நீ நாளைக்கு அவங்ககூடவே தீவுக்குப் போயிட்டு வா. வந்ததும் உன் வேலைய நிரந்தரம் பண்ணிடலாம்."

"காலைல எங்க நின்னு கத்தினீங்களோ, அங்க போய் நில்லுங்க சார்."

"இன்னாது?"

"வாசல்ல. போனைக் கட் பண்ணாதீங்க. நான் கேக்கணும்."

படகுக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். போனில் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். கண்ணாடிக் கதவு கிறீச்சிட்டது. அதன்பின் தெருவின் இரைச்சல், பஸ் ஹாரன், டீ ஆற்றும் சத்தம். ஹரிஹரன் இரண்டுமுறை இருமினார்.

"சகுந்தலாம்மா! கொஞ்சம் வெளிய வாங்க. அந்த மட்டையை நம்ம சிநேகா எடுக்கல. நான்தான் விசாரிக்காம கத்திட்டேன்."

டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா சொல்ற? காதுல விழல, சத்தமா சொல்லுய்யா!"

"சிநேகா எடுக்கல! தப்பு என்னுது!" என்று ஹரிஹரன் தொண்டை கிழியக் கத்தினார். அதன்பிறகு போன் வாயருகே வந்தது. மூச்சு வாங்கியது. "போதுமாம்மா? இப்ப ஏத்தறியா?"

சிநேகா பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படகின் விளிம்பில் ஒரு கால் வைத்தாள்.

"ஆட்டோ ஸ்டாண்டு பாக்கி கீது சார்," என்றாள்.